ஒற்றைச் சம்மனசு வீடு

திண்டுக்கல் கிட்டங்கித் தெரு கட்சியால் பிரிந்தது, சாதியால் பிரிந்தது, குழாயடியில் வரிசைக்கு நிற்பதில் தினமும் பிரிந்தது. இருதயநாதன் சோம்பேறி என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அது ஒருபோதும் பிரிந்ததில்லை. அவரே கூட அதை மறுத்துப் பேசியதில்லை. மறுப்பதும் ஒரு வேலைதானே.

இத்தனைக்கும் அவர் பார்த்த உத்தியோகம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பழனி வண்டி ஏன் தாமதம், வத்தலக்குண்டு வண்டி ஏன் முந்திக் கிளம்பியது என்று டிரைவர்களையும் கண்டக்டர்களையும் விரட்டி விரட்டியே ஓய்வு பெற்றவர். அந்த விரட்டலெல்லாம் பஸ் ஸ்டாண்டு வாசலோடு முடிந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பல்பு மாற்றுவதற்கே மரியசெல்வி ஒரு வாரம் கெஞ்ச வேண்டும். எதைச் சொன்னாலும் "பாப்போம்" என்பார். மரியசெல்வி அந்தச் சொல்லைக் கல்யாணமான புதிதில் சம்மதம் என்று நினைத்து ஏமாந்திருக்கிறாள்.

கிட்டங்கித் தெரு ஒரு காலத்தில் சுருட்டு வியாபாரிகளின் தெரு. சீமை ஓடு வேய்ந்து, தேக்கு உத்திரம் போட்டு, நடுவில் முற்றம் வைத்து ஒரே மாதிரிக் கட்டிய வீடுகள். இப்போது அப்படி இல்லை. முதல் வீடு துபாய்ப் பணத்தில் இடிந்தது. இரண்டாவது வீடு முதல் வீட்டைப் பார்த்த பொறாமையில் இடிந்தது. அதற்குப் பிறகு இடிக்கக் காரணமே தேவைப்படவில்லை. மாடிக்கு மேல் மாடி, வாசலில் ஸ்டீல் கேட், சுவர் முழுக்க டைல்ஸ் என்று தெருவே ஒரு டைல்ஸ் கடையின் ஷோரூம் போல ஆகிவிட்டது. வெயில் நேரத்தில் அந்த வழியாகப் போகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இருதயநாதனின் வீடும் இடிந்திருக்க வேண்டியதுதான். பாதி இடிந்தும் போயிற்று. அவருடைய தாத்தா சுருட்டு ஏற்றுமதியில் நன்றாக இருந்த காலத்தில் கட்டிய வீடு அது. முகப்பின் உச்சியில் சுண்ணாம்புச் சுதையில் இரண்டு சம்மனசுகள். கோயிலில் தேவதூதன் என்று வாசிப்பதை வீட்டில் சம்மனசு என்றுதான் சொல்வார்கள். இரண்டும் எதிரெதிரே பறந்தபடி நடுவில் ஒரு கிரீடத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். அப்பா செத்த பிறகு பாகப் பிரிவினை வந்தது. வலது பாதி அண்ணன் அமலனுக்கு, இடது பாதி இருதயநாதனுக்கு. அளந்து கோடு கிழித்தபோது கோடு சரியாகக் கிரீடத்தின் நடுவே போனது.

அமலன் சுறுசுறுப்பானவர். நாகல் நகரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பத்திரம் பதிவான சூட்டோடு தன் பாதியை இடித்து மூன்று மாடி எழுப்பிவிட்டார். அவர் பாகத்துச் சம்மனசைப் பழைய சாமான்காரர் உத்திரங்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார். மீதி இருந்த ஒற்றைச் சம்மனசு அரைக் கிரீடத்தை நீட்டியபடி, அமலன் வீட்டு ஏசிப் பெட்டிக்கு முடிசூட்டப் போவதுபோல அன்றிலிருந்து பறந்துகொண்டிருந்தது.

"நம்ம பக்கத்தையும் இடிச்சிட்டு ஒரு தளமாவது போட்டுருவோம்ங்க," என்று மரியசெல்வி அப்போதே சொன்னாள்.

"பாப்போம். தவக்காலம் முடியட்டும்."

தவக்காலம் முடிந்தது. கோடையில் தண்ணீர்ப் பஞ்சம், கட்டடத்துக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்றார். கோடை முடிந்ததும் ஆடி மாசம் வந்துவிட்டதே என்றார்.

"நமக்கேதுங்க ஆடி?"

"நமக்கு இல்ல. கொத்தனாருக்கு இருக்கும்ல?"

ஆடிக்குப் பிறகு மழை. மழைக்குப் பிறகு கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸ் முடிந்தால் மறுபடி தவக்காலம் தூரத்தில் தெரிய ஆரம்பித்துவிடும். இப்படியே மகள் ரீனா பிறந்து, படித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூருக்கும் போய்விட்டாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஓடு ஒழுகியது. மரியசெல்வி சொட்டுகிற சத்தத்தை வைத்தே எந்த இடத்துக்குக் குண்டான், எந்த இடத்துக்கு டப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பாள். பஞ்சம்பட்டியில் நெல்லும் தென்னையுமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண். "எங்கப்பன் மாட்டுக் கொட்டாய்கூட ஒழுகாது," என்று மழை நாளில் ஒரு தரமாவது சொல்லாமல் இருக்க மாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து இருதயநாதன் ஈசிசேரில் சாய்ந்திருந்த நேரத்தில், கழுத்தில் கேமரா தொங்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் கௌசல்யா. கட்டடக் கலை படித்தவள். திண்டுக்கல் பாரம்பரிய இல்லங்கள் பாதுகாப்பு மன்றத்தின் செயலாளர் என்று சொன்னாள். அப்படி ஒரு மன்றம் இருப்பது இருதயநாதனுக்கு அன்றுதான் தெரியும். முகப்பைப் பார்த்தாள், உத்திரத்தைப் பார்த்தாள், முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"சார், தெருவே இடிஞ்சு போச்சு. நீங்க மட்டும் எப்படி சார் இதைக் காப்பாத்துனீங்க? என்ன செஞ்சீங்க?"

இருதயநாதன் யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை. "நான் ஒண்ணும் செய்யலம்மா," என்றார்.

கௌசல்யா நோட்டோடு கூட வந்த பையனிடம் திரும்பி, "எழுதிக்கோ. அதான் கன்சர்வேஷன்லயே கஷ்டமான விஷயம். ஒண்ணும் செய்யாம இருக்கறது. ஒரு ஆணிகூடப் புதுசா அடிக்கல பாரு!" என்றாள்.

அடுப்படியிலிருந்து மரியசெல்வி, "ஆணி அடிக்கச் சொல்லி நான் கேட்டு வருஷம் ஆச்சும்மா. காலண்டர் இன்னும் கட்டில் மேலதான் கெடக்கு," என்றாள். அது மன்றத்தின் குறிப்பில் ஏறவில்லை.

அடுத்த வாரம் நாளிதழில் படம் வந்தது. 'ஆசைகளுக்கு அசையாத மனிதர்' என்று தலைப்பு. அசையாத மனிதர் என்பதில் தெருவுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைப் பாராட்டாகப் படிக்கலாம் என்பது தெருவுக்குப் புதிதாக இருந்தது. சோம்பேறி இருதயம் என்று கூப்பிட்டவர்கள் பாரம்பரியம் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது.

ஞாயிறுதோறும் மன்றத்தார் இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு தெருவில் பாரம்பரிய நடை நடந்தார்கள். மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு, மணிக்கூண்டு வழியாகக் கிட்டங்கித் தெருவுக்கு வந்து, இருதயநாதன் வீட்டில் நடை முடியும். வந்தவர்கள் சுவரில் படர்ந்த பாசியைப் படம் எடுத்தார்கள். விரிசலைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ கதை இருக்கும் இதுல," என்றார்கள். ஒருத்தி அடுப்படிக்கே வந்து, "ஆன்ட்டி, அந்தப் பிளாஸ்டிக் குடத்தைச் செத்த நேரம் மறைச்சு வைக்க முடியுமா? ஃபோட்டோல உறுத்துது," என்றாள். மரியசெல்வி குடத்தை நகர்த்தினாள். குடத்துக்குப் பின்னால் இருந்த கேஸ் சிலிண்டரும் உறுத்தியது. அன்றைக்குக் கறிக்குழம்பு அடிப்பிடித்துப் போயிற்று.

இருதயநாதனுக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. வேட்டியைத் தேய்த்துக் கட்ட ஆரம்பித்தார். தாத்தா சொன்னதாகச் சில கதைகளும் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்பே தாத்தா காலமானதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஏச்சு வாங்கிய ஒரு குணத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சோம்பியிருக்கலாமே என்று கூட அவருக்குத் தோன்றியது.

கோடை வந்ததும் வெயிலுக்குப் பயந்து நடையை நிறுத்தினார்கள். கௌசல்யா ஆறு மாசப் படிப்பு ஒன்றுக்காக அகமதாபாத் போனாள். போவதற்கு முன் ஒரு நல்ல செய்தி சொல்லிவிட்டுப் போனாள். மன்றம் அவருக்குப் 'பாரம்பரியக் காவலர்' என்று பட்டம் தரப்போகிறது. மாவட்டத்தின் பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து, வீட்டு வாசலில் பித்தளைப் பலகை திறந்து வைப்பார்.

விழாவைப் பற்றிப் பேச மன்றத் தலைவர் விக்னேஷ்குமார் அவரைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். விக்னேஷ்குமார் மனை விற்பவர். பைபாஸ் பக்கம் ஒரு தோப்பை அழித்து, 'ஹெரிடேஜ் கார்டன்' என்று பெயர் வைத்து வில்லா கட்டிக்கொண்டிருந்தார். பாரம்பரிய மன்றத்தின் தலைவர் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டால் வில்லா வாங்க வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வருகிறதாம். அலுவலகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன இருதயநாதன் அங்கேயே நின்றுவிட்டார்.

வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், தண்ணீர் கேனுக்கு மேலே, அண்ணன் பாகத்துச் சம்மனசு பறந்துகொண்டிருந்தது.

முகம் பளிச்சென்று வெள்ளை அடித்து, இறக்கைக்குத் தங்க வர்ணம் பூசி, கையிலிருந்த அரைக் கிரீடத்துக்குள் சின்ன பல்பு வைத்து எரிய விட்டிருந்தார்கள். குளிர் காற்று அதன் மேல் வீசிக்கொண்டிருந்தது.

"பழைய சாமான் கடையில புடிச்சது சார்," என்றார் விக்னேஷ்குமார் பெருமையாக. "எங்க கெடந்துச்சோ பாவம். தூசியும் தும்புமா இருந்துச்சு. நான்தான் ரெஸ்டோர் பண்ணேன்."

எங்கே கிடந்தது என்று சொல்ல இருதயநாதன் வாயெடுத்தார். சொல்லவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அதுவும் வரவில்லை. வந்தது வெட்கம்.

வீட்டுக்குத் திரும்பியதும் தெருவில் நின்று தன் சம்மனசை அண்ணாந்து பார்த்தார். மூக்கு உடைந்திருந்தது. ஒரு இறக்கையில் அரசங்கன்று முளைத்திருந்தது. தலையில் காக்கை எச்சம். இத்தனை வருஷத்தில் அதை அவர் இப்படி நின்று பார்த்ததே இல்லை. கூடப் பிறந்தது ஏசியில் குளுகுளுவென்று இருக்கிறது, தன்னை நம்பிய இது இப்படிக் கிடக்கிறது. பெரிய அதிகாரி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? காவலர் என்று பட்டம் வாங்கிக்கொண்டு இப்படியா வைத்திருப்பது?

"செல்வி," என்று கூப்பிட்டார். "நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லப் போறேன்."

மரியசெல்வி கையிலிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கொத்தனார் அய்யனார் மறுநாள் காலையிலேயே வந்தார். கன்னிவாடிக்காரர். கையோடு கொண்டுவந்திருந்த கம்பியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பூசு வேல மட்டும் பாத்தாப் போதுமா அண்ணே?"

"விழாவுக்குப் பெரிய ஆளு வாராரு. வீடு பாக்க லட்சணமா இருக்கணும்."

"அப்ப இந்தச் சுண்ணாம்ப நம்ப முடியாதுண்ணே, கொத்திட்டுச் சிமெண்ட்டுப் பூசிருவோம். ஓட்டையும் பிரிச்சிருவோம். உத்திரமெல்லாம் பழசு."

"பழசுன்னா எடுத்துரு," என்றார் இருதயநாதன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையில் இறங்கியவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. பயிற்சி இல்லை.

பெரிய அதிகாரிக்கு வேறு வேலை வந்து விழா இரண்டு முறை தள்ளிப்போனது. அது கான்கிரீட்டுக்குத் தோதாகப் போய்விட்டது. இருதயநாதன் விடியும் முன்பே எழுந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தளத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். சித்தாள்களோடு சேர்ந்து செங்கல் சுமந்தார். ஓய்வூதியச் சேமிப்பு மளமளவென்று கரைந்தது, அதைப் பற்றியும் கவலைப்படவில்லை. தெரு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. தேக்கு உத்திரங்கள் வண்டியில் ஏறிப் போனபோது மட்டும் கொஞ்ச நேரம் ஒரு மாதிரியாக இருந்தது. உடனே அய்யனார், "அண்ணே, முகப்புக்கு என்ன டைல்ஸு?" என்று கேட்டார். யோசனை அந்தப் பக்கம் போய்விட்டது.

டைல்ஸுக்கு அமலன் வந்தார். பாகப் பிரிவினைக்குப் பிறகு அண்ணன் தம்பி வீட்டுப் படியேறியது அதுதான் முதல். "ஏலே இருதயம், நீயாடா இது? அப்பா இருந்திருந்தாப் பாத்து ஆனந்தப்பட்டிருப்பாருடா," என்று தம்பி தோளைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் தன் வீட்டுக்குப் புதிதாக ஒட்டியதில் மிச்சமான டைல்ஸைக் கொடுத்தார். போதாததற்குக் கடையிலிருந்து அதே டைல்ஸை வரவழைத்தார். சிவப்பும் கறுப்புமாக, புள்ளி புள்ளியாக மின்னும் டைல்ஸ். வேலை முடிந்தபோது, வாசலில் நின்று பார்த்தால் இரண்டு பாதியும் மறுபடி ஒரே வீடு போலத் தெரிந்தன. எது அண்ணன் வீடு, எது தம்பி வீடு என்று தபால்காரர் இரண்டு நாள் குழம்பினார்.

சம்மனசை மட்டும் இருதயநாதன் யாரிடமும் விடவில்லை. ஏணியில் ஏறி நின்று மேற்பார்வை பார்த்தார். அய்யனார் சிமெண்டில் புது மூக்கு வைத்தார். மூக்கு கொஞ்சம் அய்யனாரின் மூக்கைப் போலவே வந்துவிட்டது. கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு, இறக்கைக்குத் தங்கம், எல்லாம் எனாமல் பெயிண்ட். அரைக் கிரீடம் அசிங்கமாக இருக்கிறது என்று மீதி அரையையும் வைத்து முழுசாக்கினார்கள். விக்னேஷ்குமார் ஒரு பல்புதான் வைத்தார், இருதயநாதன் சீரியல் செட்டே போட்டார். அன்று சாயங்காலம் அதை எரிய விட்டுத் தெருவில் நின்று பார்த்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தானும் ஒரு காரியத்தைச் செய்து முடித்திருக்கிறோம்.

விழா நாள் வந்தது. ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அகமதாபாத்திலிருந்து விழாவுக்கென்றே வந்த கௌசல்யா தெருவுக்குள் நுழைந்து, ஷாமியானாவைத் தாண்டி, தெருக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். ஸ்டீல் கேட்டில் சாய்ந்து புதுச் சட்டையோடு நின்றவரிடம், "சார், உங்க வீடு எங்க?" என்று கேட்டாள்.

இருதயநாதன் சிரித்தார். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். "இதாம்மா. எப்படி இருக்கு?"

அவள் மேலே பார்த்தாள். ரோஸ் கன்னத்தோடு சம்மனசு அவளைப் பார்த்தது. கையிலிருந்த பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் போலவே கண் கலங்கியது. ஆனால் அது அதே மாதிரியான கலக்கம் இல்லை என்பது இருதயநாதனுக்குக்கூடப் புரிந்தது. "நல்லா இல்லையாம்மா?" என்றார் மெதுவாக.

விக்னேஷ்குமார் அதற்குள் ஓடிவந்தார். வீட்டை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையில் வைத்திருந்த நாளிதழ்ப் படத்தையும் எதிரே நின்ற கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், விழாவை நிறுத்திருங்க," என்றாள் கௌசல்யா.

"என்ன பேசற நீ? ஐயா வண்டி மணிக்கூண்டுல திரும்பிருச்சு. பிரியாணி சொல்லியாச்சு. பலகைல பேரு வெட்டியாச்சு." கொஞ்சம் யோசித்தார். "பழைய ஃபோட்டோவை மட்டும் யாரும் வெளிய எடுக்காதீங்க."

பெரிய அதிகாரி வந்தார். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்ததும் எழுதிக்கொடுத்திருந்த உரையை வாசித்தார். "காலம் எத்தனை மாறினாலும் ஒரு செங்கல்லைக்கூட மாற்றாமல், முன்னோர் விட்டுச் சென்றபடியே இந்த இல்லத்தைப் பாதுகாத்து வரும் ஐயா அவர்கள்..." என்று வாசித்துக்கொண்டே ஒரு இடத்தில் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி உரையை மடித்துப் பைக்குள் வைத்தார். சொந்தமாகவே பேசினார்.

"நூறு வருஷத்து வீடுன்னா யாராவது நம்புவாங்களா? புதுசு மாதிரியே மெயின்டெய்ன் பண்ணியிருக்காரு! எல்லாரும் இவரைப் பார்த்துக் கத்துக்கணும்."

கைத்தட்டல் பெரிதாக எழுந்தது. அமலன் விசில் அடித்தார். 'காலம் மாற்றாத இல்லம்' என்று பொறித்த பித்தளைப் பலகையை மாட்டப் போனால், டைல்ஸில் ஆணி இறங்கவில்லை. ஓங்கி அடித்தால் விரிசல் விழும் என்று அய்யனார் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வாங்கிவந்து ஒட்டினார்கள்.

பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகும் கௌசல்யா போகவில்லை. மரியசெல்வி அவளை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். இருதயநாதன் அடுத்த அறையில் பொன்னாடையை மடிப்பதுபோல நின்றுகொண்டு காதைக் கொடுத்தார்.

"ஏம்மா இப்படி பண்ணீங்க?" என்றாள் கௌசல்யா. "அந்த உத்திரம் மாதிரி இனிமே கெடைக்காது. ஒழுகுன எடத்துல நாலு ஓடு மாத்தி, சட்டத்தைச் சரி பண்ணியிருந்தாப் போதும். வீடு அப்படியே இன்னும் நூறு வருஷம் நின்னிருக்கும்."

"நாலு ஓடு மாத்தினாப் போதுமா?"

"போதும்மா."

மரியசெல்வி எதிரே வந்து உட்கார்ந்தாள். "எத்தன ஞாயித்துக்கெழம வந்த நீ? பாசியப் படம் எடுத்தீங்க, விரிசலப் படம் எடுத்தீங்க, உத்திரத்துக்குக் கீழ நான் வச்சிருந்த குண்டானக்கூட அழகா இருக்குன்னு எடுத்தீங்க. அந்தக் குண்டான் அங்க எதுக்கு இருக்குன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? வீடு நூறு வருசம் நிக்கும். அதுக்குள்ள நாங்க நனைஞ்சுக்கிட்டு இருக்கோம்ல?"

கௌசல்யா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "கேட்டிருக்கணும்மா," என்றாள்.

அடுத்த அறையில் இருதயநாதன் பொன்னாடையைப் பிரித்து மறுபடியும் மடித்தார். நாலு ஓடு. அதை மாற்ற முப்பது வருஷமாக ஒருவருக்குக் கை வரவில்லை. அந்த ஒருவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

பலகை தெருவில் நன்றாக வேலை செய்தது. மறுவாரமே அமலன் மன்றத்துக்கு மனு போட்டார். "ஒரே தாத்தா, ஒரே வீடு, ஒரே டைல்ஸ். அவனுக்கு இருந்தா எனக்கும் உண்டுல்ல?" என்று கேட்டார். அதில் தப்புக் கண்டுபிடிக்க விக்னேஷ்குமாரால் முடியவில்லை. அமலன் மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்து பலகை வாங்கிக்கொண்டார். பிறகு எதிர் வீடு, பக்கத்து வீடு, துபாய் வீடு. இப்போது கிட்டங்கித் தெருவில் எல்லா வாசலிலும் பித்தளைப் பலகை தொங்குகிறது. தெரு முனையில் 'பாரம்பரிய வீதி' என்று வளைவும் வைத்துவிட்டார்கள். அதற்கும் டைல்ஸ்தான்.

அகமதாபாத் படிப்பு முடிந்து திரும்பிய கௌசல்யா மன்றத்தை விட்டு விலகித் தனியாக ஊரிலேயே வேலை பார்க்க ஆரம்பித்தாள். இருதயநாதனுக்கு வேறொரு கஷ்டம் வந்தது. அடுத்த பங்குனி வெயிலில் தளம் காய்ந்தது. ஓட்டு வீட்டில் மத்தியானம் ஈசிசேரில் சாய்ந்தால் நாலு மணி வரைக்கும் தூங்குவார். அவருடைய வாழ்க்கையின் முக்கால்வாசி சுகம் அந்தத் தூக்கத்தில்தான் இருந்தது. இப்போது மேலிருந்து வெக்கை இறங்கியது, டைல்ஸ் சுவரிலிருந்து வெக்கை வந்தது, ஃபேனைப் போட்டால் அந்த வெக்கையை அள்ளி முகத்திலேயே அடித்தது. சோம்பலாக இருப்பதற்குக்கூட வழியில்லாமல் மத்தியானம் முழுக்கத் தெருவில் நடந்தார்.

அப்படி நடக்கும்போதுதான் கௌசல்யா எதிரே வந்தாள். பேகம்பூரில் அப்துல் ஹக்கீம் என்பவருடைய பழைய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள், தான் சொல்லியும் கேட்கவில்லை என்றாள். "ஒழுகுற எடத்தையெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன் சார். சரி பண்ணிரலாம். அவரு வீட்டு அக்காவுக்குத்தான் நம்பிக்கை வரல. தளம் போட்டாத்தான் வீடுங்கறாங்க."

"நான் வாரேன்," என்றார் இருதயநாதன். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹக்கீமின் மனைவி பாத்திமா கறாரான பெண்மணி. பாரம்பரியக் காவலர் என்று கௌசல்யா அறிமுகப்படுத்தியதும், "அப்ப நீங்க ஓட்டு வீட்லயா அண்ணே இருக்கீங்க?" என்று கேட்டாள்.

இருதயநாதன் பொய் சொல்லவில்லை. "இல்லம்மா. இடிச்சுத் தளம் போட்டுட்டேன். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நீயும் பாயும் நம்ம வீட்டுக்கு வாங்க. பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

வந்தார்கள். உச்சி வெயில். மரியசெல்வி சோறும் பருப்பும் முருங்கைக்காய் வெஞ்சனமும் பரிமாறினாள். ரசத்துக்கு வருவதற்குள் ஹக்கீமின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாத்திமா முந்தானையால் விசிறிக்கொண்டே தளத்தை அண்ணாந்து பார்த்தாள். மோர் வந்தபோது அதைச் சோற்றில் ஊற்றாமல் அப்படியே குடித்துவிட்டாள். கையைக் கழுவியதும் முதல் வேலையாக வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

"என்னங்க," என்றாள் புருஷனிடம். "அந்தப் பொண்ணையே கூப்பிட்டு ஓட்ட மாத்தச் சொல்லுங்க."

பிறகு மரியசெல்வி பக்கம் திரும்பிப் பரிதாபத்தோடு கேட்டாள். "இந்த வீட்டுக்குள்ள எப்படிக்கா இருக்கீங்க?"

இருதயநாதன் தலையைக் குனிந்துகொண்டார். மரியசெல்விக்கு அந்தப் பரிதாபம் பிடிக்கவில்லை. முகத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.

"மழ பெய்யட்டும், அப்ப ஒருக்கா வந்து பாரும்மா," என்றாள்.